மூணாவது பாட்டுல போன சத்தம்

அண்ணி: ...அப்போ, கரெக்டா எப்போ போச்சுங்கிறீங்க தம்பி?

தம்பி: அதான் சொன்னேனே அண்ணி, மூணாவது பாட்டுல. முதல் ரெண்டு பாட்டுக்கும் பேஸ் கிட்டார் கிண்ணுனு வந்துச்சு. அப்புறம் ஆம்ப்ளிஃபயர்ல 'டப்'புனு ஒரு சத்தம். அதோட சரி.

அண்ணி: புகை ஏதாவது...

தம்பி: என்னது? பெட்டிக்குள்ள தலையை விட்டுக்கிட்டுப் பேசுனா எப்படி? இந்தப் பக்கம் பாத்து சொல்லுங்க.

அண்ணி: புகை வந்துச்சான்னு கேட்டேன்.

தம்பி: வந்துச்சு... கொஞ்சமா. தீஞ்ச வாடை.

அண்ணி: ம்... உள்ள தூசிதான் இருக்கு. தீஞ்ச தடமே காணோமே.

தம்பி: நேத்து ஒத்திகையில வந்த வாடை இன்னைக்கு இருக்குமா? நீங்க ரிப்பேர் பாருங்க அண்ணி, போலீஸ் வேலை பாக்காதீங்க.

அண்ணி: என் கடையில ரெண்டும் ஒண்ணுதான். சரி, முன்னாடி இருக்கிற லைட்டு? அது அணைஞ்சுதா?

தம்பி: அணையலையே! கடைசி வரைக்கும் செவப்பா எரிஞ்சுக்கிட்டுதான் இருந்துச்சு. அதான் எனக்கு சந்தேகமே.

அண்ணி: யார் மேல?

தம்பி: வேற யாரு, டமாரம் மேலதான்.

அண்ணி: யாரு, டிரம்ஸ் வாசிக்கிற புள்ளையா? அது தான் உண்டு தன் வேலை உண்டுன்னு...

தம்பி: புள்ளையாம் புள்ளை! அவன் மாமா பையனும் பேஸ் கிட்டார்தான் வாசிக்கிறான், தெரியுமா? வெள்ளிக்கிழமை கப்பல் கிளம்புது. ஆறு மாசம் கப்பல்லயே கச்சேரி. என்னை இறக்கிட்டு அவனை ஏத்தப் பாக்குறான்.

அண்ணி: ஏன் இப்படிக் கன்னாபின்னான்னு...

தம்பி: இந்த வாய்ப்பு போச்சுன்னா அப்புறம் என்னை எவன் கூப்பிடுவான் அண்ணி? எனக்கு வேற என்ன தொழில் தெரியும்? பயமா இருக்கு அண்ணி, அவ்வளவுதான்.

அண்ணி: சரி, சரி... கொஞ்சம் நகருங்க. சீரிஸ் பல்பு போட்டுப் பாக்குறேன். பல்பு பளிச்சுனே எரிஞ்சா உள்ள ஷார்ட்டு. எரிஞ்சு மங்கிடுச்சுன்னா பொழைச்சோம்.

தம்பி: ...மங்கிடுச்சு! மங்கிடுச்சு அண்ணி!

அண்ணி: ஆமா. டிரான்ஸ்ஃபார்மர் நல்லா இருக்கு, டயோடும் நல்லா இருக்கு. கரண்டு அழகா வந்து, இந்தா... உள்ள இருக்கிற இந்த ஃப்யூஸ்ல நின்னுபோகுது. லைட்டுக்குத் தனி வழி. அதான் லைட்டு எரியும், சத்தம் வராது.

தம்பி: ஃப்யூஸ் தானா போகுமா?

அண்ணி: காரணம் இல்லாம போகாது.

தம்பி: அப்போ யாரோ பெட்டியைத் திறந்திருக்காங்க!

அண்ணி: திறந்திருக்காங்க. ஸ்குரூ தலையில புதுக் கீறல் இருக்கு, பாருங்க.

தம்பி: சொன்னேன்ல! படுபாவி! குழுவை நடத்துறது அண்ணன்தானே, அவர்கிட்ட சொல்லுங்க, அவனை இன்னைக்கே துரத்தச் சொல்லுங்க.

அண்ணி: அவசரப்படாதீங்க. ஒருத்தன் பொழப்புல மண்ணைப் போடுற பேச்சு இது... ஆமா, சத்தம் போனதும் நீங்க ஏன் நிறுத்தல? எட்டுப் பாட்டும் வாசிச்சு முடிச்சீங்களாமே?

தம்பி: அது... ஒத்திகையைக் கெடுக்க வேணாமேன்னு விரலை மட்டும் ஓட்டிக்கிட்டு இருந்தேன்.

அண்ணி: ஆறு பாட்டுக்கா? வயரைக்கூட ஆட்டிப் பாக்காம?

தம்பி: என்ன அண்ணி, ஊரை விட்டுட்டு என்னையே நோண்டுறீங்க?

அண்ணி: கோவிச்சுக்காதீங்க. முதல் ரெண்டு பாட்டு நல்லாக் கேட்டுச்சு... அதுல சந்தேகம் இல்லையே?

தம்பி: என் பொண்ணு மேல சத்தியமா கேட்டுச்சு! நெஞ்சுல வந்து இடிச்சுது! அதுக்கப்புறம்தான் அந்தப் பய...

அண்ணி: ஐயோ, குழந்தையை ஏன் இழுக்குறீங்க! போதும். தம்பி... என் முகத்தைப் பாருங்க. மெதுவா சொல்றேன். இந்தச் செத்த ஃப்யூஸை உள்ள வச்சது நான்தான். நேத்து நீங்க வர்றதுக்கு முன்னாடியே. முதல் பாட்டுலேர்ந்தே இந்தப் பெட்டியில சத்தம் இல்ல.

தம்பி: அப்போ... டமாரம்?

அண்ணி: அவனுக்கும் தெரியும். வாயைத் திறக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டு உக்காந்திருந்தான், பாவம்.

தம்பி: ஒரு வருஷமா... காது கேக்கல அண்ணி. லைட்டு எரிஞ்சா சத்தம் வருதுன்னு நெனச்சுக்கிட்டுதான் அண்ணி வாசிக்கிறேன். ஒத்திகை முடிஞ்சு பசங்க பெட்டி போச்சுன்னு சொன்னதும், மூணாவது பாட்டுலன்னு அடிச்சு விட்டேன். வெள்ளிக்கிழமை தாண்டிட்டா போதும்னு... அண்ணனுக்குத் தெரியுமா?

அண்ணி: அவர்தான் வைக்கச் சொன்னார். உங்ககிட்ட நேரா கேக்க அவருக்கு வாய் வரல. ஒவ்வொரு பாட்டு முடியும்போதும், இப்பவாவது நீங்க பெட்டியைத் திரும்பிப் பாப்பீங்கன்னு, எட்டுப் பாட்டும் காத்துக்கிட்டே இருந்தாராம்.