சிம்னி ஸ்டாப்

வடக்கே, தலைநகரின் மதுரா ரோடு பஸ்ஸில் முன் சீட்டில் இரண்டு தமிழ்ப் பெண்கள், வீட்டுவேலை முடிந்து திரும்புகிறவர்கள்.

“பவர்ஹவுஸ் சிம்னிய இடிச்சுப்புட்டானுங்கக்கா. எங்க மாமியா இனி எங்க எறங்கும்?”

“போர்டப் படிச்சு எறங்கட்டும்டி.”

“படிக்கத் தெரியாதே! சிம்னியப் பாத்துத்தான் எறங்கும். ஊர்லேருந்து இன்னிக்குத் தனியா வருது.”

“வழி தப்பிப் போனா உனக்குத் தொல்லை விட்டுது.”

“போங்கக்கா! ஜைத்பூர் ஸ்டாப் எது, மோலட்பந்த் ஸ்டாப் எதுன்னு தெரியாம அலையும், பாவம்.”

பஸ் நின்றது. “சிம்னிவாலே, ஜல்தி உத்ரோ!” என்று இந்தியில் கத்தினார் கண்டக்டர், சிம்னிக்காரர்கள் சீக்கிரம் இறங்கும்படி. வெளியே வெறும் வானம்தான் இருந்தது. ஆனாலும் பாதி பஸ் எழுந்து இறங்கியது.

மருமகளும் எழுந்தாள், சிரித்துக்கொண்டே போனை எடுத்தாள்.

“அத்தை, ஜன்னல்ல தேடாதீங்க. கண்டக்டர்கிட்ட சிம்னின்னு மட்டும் சொல்லுங்க. நான் கீழ நிக்கிறேன்.”