மண்ணுக்குள் ஒரு கை

எனக்குக் கை வரைய வராது. விரல்களைப் போட்டால் கிழங்கு மாதிரி இருக்கும். என் படங்களில் எல்லாம் ஒரு பெண் ஒருக்களித்துக் கிடப்பாள். வலது கை தோள்வரை மண்ணுக்குள் இருக்கும். ஹோபார்ட் நகரத்துக் கலை மேதைகள் அவளுக்குப் 'பூமியின் நாடி பார்ப்பவள்' என்று பெயர் வைத்தார்கள். இத்தனை வருடமாக நானும் தாடியைத் தடவிக்கொண்டு தலையாட்டுகிறேன்.

அவள் எந்த நாடியும் பார்க்கவில்லை. குஞ்சு பிடித்துக்கொண்டிருந்தாள். பெயர் மெர்ல். எங்கள் தீவில் ஏப்ரல் வந்தால் எல்லோருக்கும் அதுதான் வேலை: கடற்பறவை மண்ணில் தோண்டி முட்டையிடும் வளைக்குள் கையை விட்டுக் கொழுத்த குஞ்சை இழுப்போம். கதகதப்பாக இருந்தால் குஞ்சு. சில்லென்று இருந்தால் பாம்பு. உடனே கையை எடுத்துவிட வேண்டும். மெர்லுக்கு அதைக் கற்றுக்கொடுத்தவன் அவள் அண்ணன் கிளைட்.

அப்போது எனக்கு இருபது வயது. அவள் குஞ்சு பிடிப்பாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து அவளை வரைவேன். வேலைக்கு உதவாதவன் என்று தீவே சிரித்தது. அவள்தான் என்னைக் காதலித்தாள்.

அன்று அவள் தோள் முதல்முறையாகக் காகிதத்தில் சரியாக விழுந்துகொண்டிருந்தது.

"சில்லுனு இருக்குடா. கைய எடுத்துடறேன்."

"ஒரு நிமிஷம் மெர்ல். அசையாதே."

"உன் படத்துக்கு நான் கடி வாங்கணுமா? சீக்கிரம் போடு, சோம்பேறி."

சிரித்தாள். அசையவில்லை.

கடல் கொந்தளிப்பில், அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டிய படகு மறுநாள்தான் வந்தது. அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

"சில்லுனு இருக்குன்னு அவ சொல்லவேயில்லையா?" என்று கிளைட் கேட்டான்.

"இல்லப்பா" என்றேன்.

தான் ஒழுங்காகக் கற்றுத்தரவில்லை என்று முடிவுகட்டி, அவன் அதற்குப் பிறகு எந்த வளைக்கும் போகவில்லை. போன வாரம் ஊன்றுகோலோடு என் கண்காட்சிக்கு வந்தான். "நான் கொன்னுட்டேன் அவள. நீதான்டா உயிரோட வச்சிருக்க" என்றான். பக்கத்தில் நின்ற விமரிசகர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சபை மரியாதைக்கு நானும் துடைத்துக்கொண்டேன்.

இந்த வாக்குமூலத்தைக் கிளைடிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், இன்ஸ்பெக்டர். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஆனால் ஒன்று. பாம்பு கடித்தபோது அவள் முகம் கோணியது. அப்போதும் நான் வரைந்துகொண்டுதான் இருந்தேன்; ஆனாலும் அந்தக் கோணலைப் படத்தில் சேர்க்கவில்லை. அவள்மேல் எனக்கு அவ்வளவு மரியாதை.