நெஸ்டாவும் ப்ளோட்வென் எஞ்சினும்

கெரைன்ட்: பிஸ்கட் டப்பாவிலயா கொண்டு வந்தே?

இயோலோ: சுடுகாட்டுல ஜாடி ஒண்ணு கொடுத்தாங்க அண்ணே. தங்கக் கலர் கைப்பிடியெல்லாம் வச்சு. நெஸ்டா பாத்திருந்தா சிரிச்சிருப்பா.

கெரைன்ட்: சிரிச்சுட்டு அதுல பூச்செடி வச்சிருப்பா.

இயோலோ: நெருப்பு தயாரா?

கெரைன்ட்: இன்னும்... நீராவி ஏறணும். ஏறி வா. தலை பத்திரம். அந்தப் பக்கம் கை வைக்காதே, சுடும்.

இயோலோ: தெரியும். இந்த எஞ்சின் கரியை எத்தனை வருஷம் அவ சட்டையிலிருந்து துவைச்சிருக்கேன். போகவே போகாது.

கெரைன்ட்: ஞாயித்துக்கிழமை தவறாம இங்க சும்மா வேலை செய்ய வர்ற எல்லார் வீட்லயும் அந்தச் சண்டை உண்டு.

இயோலோ: எப்படிப் போடுவீங்க... சாம்பலை?

கெரைன்ட்: கரி அள்ளுற ஷவல்ல கொட்டி, நெருப்புக் கதவைத் திறந்து, ஒரே வீச்சு. அப்புறம் மேட்டு வளைவு வரைக்கும் விசில். அவ்வளவுதான். பாதிரியார் வேண்டாம்னுட்டியாமே?

இயோலோ: அவளுக்குப் பிடிக்காது.

கெரைன்ட்: போன வருஷம் மூணு பேரை இப்படி அனுப்பினோம். ஒருத்தர் உயிரோட இருந்தவரைக்கும் ஒரு கை கரி அள்ளினதில்ல. போட்டோ மட்டும் எடுப்பாரு.

இயோலோ: நல்லா எரிஞ்சாரா?

கெரைன்ட்: எங்க? மழை. ஈரக் கரி. பாவம், புகைஞ்சாரு.

இயோலோ: வேல்ஸ்ல மழை நிக்கட்டும்னு இருந்தா யாருமே போய்ச் சேர முடியாது.

கெரைன்ட்: ஹா... சிரிக்கலாம் தம்பி. அவ போய் எட்டு மாசம் ஆச்சு.

இயோலோ: சிரிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்.

கெரைன்ட்: கேக்கணும்னு நினைச்சேன்... ப்ளோட்வென்தான் வேணுமா? பக்கத்து ஷெட்ல இன்னொண்ணு நிக்குது. இதைவிட நல்லா எரியும்.

இயோலோ: ப்ளோட்வென்தான். கல்யாணத்துக்கு முன்னாடியே சொல்லி வச்சா.

கெரைன்ட்: அது அப்போ. அதுக்கப்புறம் இந்த எஞ்சின்லதானே...

இயோலோ: ஈயம் உருகிச்சு. தெரியும். பாய்லர்ல தண்ணி குறைஞ்சு, ஈய அடைப்பு உருகி, நெருப்பு அணைஞ்சு, எழுபது பேர் மழையில நடந்து மலை இறங்கினாங்க. அறிக்கை எனக்கு மனப்பாடம். ‘பயர்மேனின் கவனக்குறைவு.’ கரி போட்டு, தண்ணியைப் பாத்துக்கிட்டவ அவதானே.

கெரைன்ட்: அன்னைக்கு அவ வாயே திறக்கல.

இயோலோ: வீட்லயும்தான். ‘அளவுக் கண்ணாடியைப் பாத்தேன், தண்ணி இருந்துச்சு’ன்னு ஒரே ஒரு தடவை சொன்னா. போகப் போக அவளுக்கே சந்தேகம் வந்துடுச்சு.

கெரைன்ட்: எஞ்சின்லேர்ந்து இறக்கி, கேன்டீன்ல நிக்கச் சொன்னாங்க...

இயோலோ: அவளையா? கேக் விக்கவா? அதோட இங்க வர்றதையே விட்டுட்டா.

கெரைன்ட்: ...இந்தா, ஷவல். நீயே போடு. என் கை வேண்டாம்.

இயோலோ: நீங்கதானே டிரைவர்? டிரைவர்தான் போடணும்னு சொன்னாங்க.

கெரைன்ட்: வழக்கம் அதுதான். ஆனா நான்... இங்க பாரு. ரெண்டு கண்ணாடிக் குழாய் இருக்கா? உள்ள எவ்வளவு தண்ணின்னு இதுதான் காட்டும். வலது பக்கத்தது அன்னைக்கு ஒழுகிச்சு, அடைச்சு வச்சிருந்தோம். இடது மட்டும்தான். பென்ட்ரே ஸ்டேஷன்ல நான் அதைச் சோதிச்சேன். மேல ஒண்ணு, கீழ ஒண்ணு, ரெண்டு திருகையும் மூடித் திறக்கணும். மூடினேன். அந்த நேரம் பாத்து ஒரு அம்மா பேத்தியைத் தூக்கிக்கிட்டு வந்து, ‘விசில் அடிக்கலாமா’ன்னாங்க...

இயோலோ: சொல்லுங்க.

கெரைன்ட்: அடிக்க விட்டேன். மேல் திருகைத் திறக்க மறந்துட்டேன். அது மூடியிருந்தா கண்ணாடி பொய் சொல்லும் தம்பி. உள்ள தண்ணி வத்திட்டாலும் முக்கால் இருக்கிற மாதிரி காட்டும். அவ பாத்தா. சரியாத்தான் பாத்தா.

இயோலோ: அறிக்கையில ரெண்டு திருகும் திறந்திருந்ததுன்னு...

கெரைன்ட்: விசாரிக்கிறவங்க மலை ஏறி வர்றதுக்குள்ள நான் திறந்துட்டேன். திட்டு. அடிக்கணும்னா அடி.

இயோலோ: பத்து மணிக்கு உங்களுக்கு வண்டி இருக்கு.

கெரைன்ட்: இப்படிப் பேசாதேடா. தாங்க முடியல. முப்பது வருஷமா ஓட்டுறேன், சம்பளம் இல்லாம. இதைப் பிடுங்கிட்டா எனக்கு வேற என்ன இருக்குன்னு... உன் முன்னாடி அதைச் சொல்ல எனக்கு வாய் இல்ல.

இயோலோ: இல்லதான்.

கெரைன்ட்: அவகிட்ட சொன்னேன். நேர்ல தைரியம் வரல. மார்ச்சுல கடிதம் எழுதினேன். திருகு, விசில், எல்லாத்தையும். ‘நீ வா, உன்னைப் பக்கத்துல நிக்க வச்சு கமிட்டி முன்னாடி நானே சொல்றேன்’னு எழுதினேன். வரல. பதிலும் இல்ல. சும்மா இருந்துட்டேன். ஆகஸ்ட்ல பாத்தா... தலைவலின்னாளாமே?

இயோலோ: தலைவலின்னா. படுத்தா. அப்புறம் எழுந்திருக்கல.

கெரைன்ட்: சாகிறவரைக்கும் என் மேல கோபமா இருந்திருக்கா. அப்படிப்பட்டவளை என் கையால நான் போடக் கூடாது. நீ புருஷன். நீ போடு.

இயோலோ: கமிட்டிகிட்ட எப்போ சொல்லுவீங்க?

கெரைன்ட்: இன்னைக்குச் சாயங்காலம். எழுதி பையில வச்சிருக்கேன். வேணும்னா படிச்சுப் பாரு.

இயோலோ: வேண்டாம்.

கெரைன்ட்: நீராவி ஏறிடுச்சு. டப்பாவைத் திற தம்பி. ஜனங்க வந்துடுவாங்க.

இயோலோ: அவளுக்கு உங்க மேல கோபம் இல்ல அண்ணே.

கெரைன்ட்: சமாதானம் சொல்லாதே.

இயோலோ: சமாதானம் இல்ல.

கெரைன்ட்: அப்போ உனக்கு எப்படித் தெரியும்? கடிதத்தைப் பத்தி உன்கிட்ட ஏதாவது பேசினாளா?

இயோலோ: அது அவ கைக்கே போகல. நான்தான் பிரிச்சுப் படிச்சேன். கோடை முடியட்டும், கொடுக்கலாம்னு என் கோட்டுப் பையில வச்சேன்... கல்யாணமாகி நாலு வருஷத்துல அப்பதான் முதல் தடவையா ஞாயித்துக்கிழமை அவ வீட்ல இருந்தா அண்ணே.