தோரண வளைவில் வந்து உட்கார்ந்தது

— அண்ணாச்சி, அந்தக் கயித்த மட்டும் அவுத்துராதீங்க. மொதல்ல ஏணிய விட்டு இறங்குங்க.

— ஏனுங்க அம்மிணி, அந்தோணியார் பெருநா நேத்தோட முடிஞ்சுதுங்க. இந்த லைட்டு வளைவக் கழட்டி டெம்போல ஏத்துனாத்தான் சாயங்காலம் கொழிஞ்சாம்பாறைல மாரியாத்தா நோம்பிக்குக் கட்ட முடியும். 

— கொஞ்ச நேரம். அந்தோணியாருக்காக.

— அவருக்கு நேத்தே ஜகஜ்ஜோதியாக் கட்டியாச்சுங்க. இது யாருக்கு?

— உங்க தலைக்கு மேல பாருங்க. வளைவோட உச்சியில, அந்த வெள்ளைத் துணில.

— ஆத்தா. என்ற கை அகலம் இருக்குதே. வௌவால் குட்டீங்களா?

— அந்துப்பூச்சி.

— அந்துங்களா? எங்கூட்டு அரிசி மூட்டைல வர்றது எள்ளாட்டமல்ல இருக்கும்.

— அதுக்கு ஒண்ணுவிட்ட சொந்தம்னு வச்சுக்கிடுங்க. வசதியான வீட்டுச் சொந்தம். பழுத்த வாழையிலை நிறம், பாத்தீங்களா? நாலு இறக்கைலயும் ஒவ்வொரு வட்டம் இருக்குல்லா, அது சன்னல் கண்ணாடி மாதிரி. அந்தப் பக்கம் நிக்கிறது இந்தப் பக்கம் தெரியும்.

— அட ஆமாங்க. என்ற வெரலு தெரியுது.

— தொடாதீங்க.

— தொடலீங்க, தொடலீங்க. ஏணில நிக்கிறது நானு, மூச்சு வாங்கறது உங்களுக்கு.

— வாங்காம என்ன செய்யும்? இது கீழ சமவெளிப் பூச்சி, அண்ணாச்சி. இந்த இடுக்கி மலைல இதை ஒரு ஆளு பாத்ததில்ல. நான் இங்க எஸ்டேட் ஸ்கூல்ல டீச்சர். லயத்து வீடுகள்ல கேட்டா பூச்சி டீச்சர்ம்பாங்க. எங்க அந்துப்பூச்சிக் குழுவுல வருசக்கணக்கா துணி கட்டி, பல்பு போட்டு, குளிர்ல நடுங்கிக்கிட்டுத் தேடுதோம். ஒரு நாளும் அம்புடல. நீங்க சீரியல் லைட்டப் போட்டு ஒரே ராத்திரில வரவழைச்சிட்டீங்க.

— என்ற லைட்டுக்கு வந்ததுங்கறீங்க.

— வேற எதுக்கு? எங்கேயோ இருட்டுக்குள்ள இருந்து ஒரு கப்பல் கரை ஒதுங்கின மாதிரி நிக்கி. போட்டோ எடுத்து மூணாறுல ஜோபி சாருக்கு அனுப்பிட்டேன். எங்க குழுவுக்கு அவருதான் தலை. அதேதான், சந்தேகமே இல்லன்னு போன்ல கத்துதாரு. இடுக்கில முதல் முறை, பாத்தது ஷீனான்னு இன்னிக்கே வெளியிடுதாராம்.

— சந்தோசமுங்க. அதுக்கேனுங்க கண்ணு கலங்கறீங்க?

— போன வருசம் ஒரு பூச்சியப் புதுசுன்னு சொல்லி ஊரையே கூட்டினேன். கடைசில அது நாம தினம் பாக்குற பூச்சிதான், வயசாகி நிறம் மங்கிப்போனது. அன்னிலேருந்து குழுவுல என் பேரு சாயம்போன ஷீனா. பொறந்தநாள் வாழ்த்தே அப்படித்தான் வந்துச்சு.

— கொழுப்பப் பாருங்க.

— இன்னிக்கு அந்தப் பேரு கழியுது.

— அப்ப என்ற பேரையும் போடச் சொல்லுங்க. தனபால் சவுண்டு சர்வீஸ், வேலந்தாவளம்.

— கட்டாயம் போடச் சொல்லுதேன்.

— போடறது போடறாங்க, அப்படியே போன் நம்பரும்... ஏனுங்க, பூச்சிக்குப் பக்கத்துல மூங்கில்ல கொட்டைப்பாக்காட்ட ஒண்ணு ஒட்டிட்டு இருக்குதே, அதுல ஓட்டை உழுந்திருக்குது. நேத்து முழுசா இருந்துதுங்க.

— என்னது ஒட்டியிருக்கு?

— இதுதானுங்க. எங்கூர்ல மாட்டுச்சந்தைக்குப் பக்கத்துல என்ற குடோனு. வளைவ அங்க எலந்த மரத்துல சாச்சு வெச்சிருந்தனுங்க. ஏத்தறப்பப் பாத்தா இது மூங்கிலோட கெட்டியா ஒட்டிக் கெடக்குது. பிச்சா வர்ல. செரி, கொக்கியாட்ட இருக்கட்டும்னு அதும்மேல ஒயர ஒரு சுத்து சுத்தி உட்டுட்டனுங்க.

— அது கூடு, அண்ணாச்சி.

— என்ன கூடுங்க?

— இந்தப் பூச்சியோட கூடு. இது உங்க லைட்டுக்கு வரல. உங்க டெம்போல வந்திருக்கு. நேத்து உங்க கூடவே சின்னாறு செக்போஸ்ட்டுல நின்னு, மலையேறி வந்து, ராத்திரி எங்க கோயில் வாசல்ல கூட்டை விட்டு வெளிய வந்திருக்கு.

— அப்ப எங்கூர்ப் பூச்சிங்களா?

— உங்க ஊருதான். எங்க மலைக்கும் இதுக்கும் ஒரு ஒட்டும் இல்ல.

— அடக் கருமமே. நான் வாய மூடிட்டு இருந்திருக்கோணும். அம்மிணி, நான் ஒண்ணுமே சொல்லலீங்க. கூட்ட வெட்டி எறிஞ்சர்றன். யாருக்குத் தெரியப்போவுது?

— எனக்குத் தெரியும்லா.

— மூணாறு சாருக்குத் தெரியாதல்லங்க.

— இல்லாத பூச்சிய இந்த மலைல இருக்குன்னு எழுதி வச்சா, நாளைக்கு எவளோ ஒருத்தி என்னை மாதிரியே துணியும் பல்புமா வந்து அலைவா. வேண்டாம். வெளியிடாதீங்கன்னு சொல்லிருதேன்... சை, ரேஞ்ச் போயிட்டு.

— இப்படிக்கா ஏணிக்குக் கிட்ட வாங்க, இங்க கெடைக்குது. வந்து இதையும் என்னன்னு பாருங்க. கீழிருந்து நீங்க பாத்தது ஒரு பூச்சிதானுங்களே?

— ஒண்ணுதான்.

— மேலிருந்து பாத்தா ரெண்டுங்க. துணி மடிப்புக்குள்ள இன்னொண்ணு. பசை தடவுனாப்பல வாலும் வாலும் ஒட்டிட்டு இருக்குது.

— அதோட மீசையப் பாருங்க. எப்படி இருக்கு?

— மீசைங்களா? சீப்பாட்ட, நல்ல அகலமா. மேல இருக்கறதுக்கு அவ்வளவு இல்லீங்க, ஒல்லி.

— அப்போ மேல இருக்கது பொட்டை, உள்ள இருக்கது ஆண். அண்ணாச்சி, வேற கூடு இருக்கா? வளைவு முழுக்கப் பாருங்க, நிதானமா.

— பாக்கவே வேண்டாமுங்க. ஒவ்வொரு மூங்கிலுக்கும் ஒயர் சுத்துனது இந்தக் கைதான். கூடு இது ஒண்ணேதான்.

— ஆணோட இறக்கை? புதுசா இருக்கா?

— எங்கீங்க புதுசு? ஓரமெல்லாம் கிழிஞ்சு, ஒரு முனையே காணோம். மழைல நனைஞ்ச சினிமா போஸ்டராட்ட இருக்குது.

— ஒரு ராத்திரில அப்படிக் கிழியாது. அது பல நாளாப் பறந்த இறக்கை.

— இதையும் நான்தான் கொண்டாந்தேன்னு சொல்லீறாதீங்க அம்மிணி. வளைவே நேத்து மத்தியானம்தான் மலைக்கு வந்துது. துணியையும் இங்க வந்து உதறித்தான் கட்டுனனுங்க.

— அதையேதான் நானும் யோசிக்கேன். இந்த ஜாதில பொட்டை எங்கயும் தேடிப் போகாது. கூட்டை விட்டு வந்த இடத்துலயே உக்காந்து ஒரு வாசனை விடும். நம்ம மூக்குக்குத் தெரியாது. காட்டுக்கு அந்தப் பக்கம் ஆண் இருந்தா அதுக்குத் தெரியும். அந்தச் சீப்பு மீசை அதுக்குத்தான்.

— அப்ப வேலந்தாவளத்துல இருந்தே வாசம் புடிச்சுட்டு வந்துட்டானுங்களா?

— அவ்வளவு தூரத்துக்கு எந்த வாசனையும் எட்டாது. பக்கத்துலதான் இருந்திருக்கணும்.

— பக்கத்துலன்னா?

— இருங்க, ஜோபி சாரே கூப்பிடுதாரு. ஹலோ, சார்... ஆமா சார், நான் அனுப்பின போட்டோல இருக்கது வேலந்தாவளத்துக்காரி, நேத்து டெம்போல வந்தவ. இல்ல சார், எழுதினதை அழிக்காதீங்க. போட்டோவ மட்டும் மாத்துங்க, வேற அனுப்புதேன். மாப்பிள்ளை நம்ம ஊரு.