நாப்பத்தி ரெண்டு, அதுவும் ஆடியில

நாப்பத்தி ரெண்டா? இன்னொரு மட்டம் சொல்லுங்க தம்பி, காதுல சரியா விழல. ஓஹோ. நான் சொன்னது அம்பத்தஞ்சு லட்சம். நீங்க ஒரே எட்டுல நாப்பத்தி ரெண்டுக்கு எறங்கிட்டிய. மெயினருவித் தண்ணி கூட பாதிப் பாறையில இருக்க பொங்குமாங்கடல் பள்ளத்துல விழுந்து, கொஞ்சம் தங்கி, பெறவுதான் கீழ வருது.

எந்திரிக்காதிய. உக்காந்து கேட்டுட்டுத்தான் போகணும். நான் கான்வென்ட்ல படிச்சவ. சிஸ்டர்மாரு மேனர்ஸ் சொல்லிக் குடுத்திருக்காவ, அதனாலதான் இன்னும் நீங்க, வாங்கன்னு பேசுதேன். உங்களக் கூட்டிட்டு வந்த புரோக்கர் சுடலைக்கண்ணப் பாருங்க, வாசல்ல பைக்குல சாஞ்சுக்கிட்டு போன் பேசுத மாதிரி நடிக்கான். என் வாய் அவனுக்குத் தெரியும்.

கொரங்கு வருதாம். குத்தாலத்துல கொரங்கு வராம குதிரையா வரும்? அதே கொரங்க போட்டோ எடுத்துப் போட்டு, ஃபாரெஸ்ட் வியூன்னு சீசனுக்கு ரூம் விடத்தான போறிய? கெழக்கு வாசல் இல்லயாம். வாரவன் அருவியில குளிக்க வாரானா, வாஸ்து பாக்க வாரானா? சொவத்துல ஓதமாம். சாரல் அடிக்கையில வந்து வெரல வச்சுத் தடவுனா ஓதமாத்தான் இருக்கும். சித்திரையில வாங்களேன், அப்பளம் ஒட்டிக் காயப்போட்டுக் காட்டுதேன்! எங்கப்பா எம்பேருக்கு எழுதிக் குடுத்த வீடு. இந்தக் கதவு தேக்கு. தட்டிப் பாருங்க. உங்க நாப்பத்தி ரெண்டுக்கு கதவும் சன்னலும்தான் கெடைக்கும். கழட்டிட்டுப் போங்க.

அது கெடக்கட்டும். ஆடி மாசத்துல எவனாவது வீடு பேச வருவானா? அட்வான்ஸ் குடுக்கதுக்கே ஆவணி பொறக்கட்டும்பான். ஆடியில வந்து ஒருத்தன் அடிமாட்டு வெல கேக்கான்னா, விக்கவளுக்கு அவசரம்னு யாரோ காதுல போட்டிருக்கான்னு அர்த்தம்.

இல்லன்னு சொல்லாதிய. நீங்க முழிக்க முழியே சொல்லுது.

கொஞ்சம் கிட்ட வாங்க, சத்தத்தக் கொறச்சுக்கிடுதேன். செருப்பக் கழட்டுனதும் நேரா பின்ரூமுக்குப் போனிய. பீரோவ நவுத்துங்கம்மான்னிய. இந்த வீட்டுல பீரோ மூணு இருக்கு, அந்த ஒண்ண மட்டும் ஏன் நவுத்தச் சொன்னிய? அதுக்குப் பின்னால சொவரு பொரிஞ்சு கெடக்கது ஒலகத்துல ரெண்டே பேருக்குத்தான் தெரியும். ஒண்ணு நான். நான் உங்ககிட்ட சொல்லல. சுடலைக்கண்ணா? அவன் ஹாலத் தாண்டி உள்ள வந்ததே கெடையாது.

இன்னும் கிட்ட வாங்க. சத்தத்தக் கொறச்சுக்கிடுதேன். மொதல்ல அம்புட்டு நேரம் கத்துனது உங்களுக்காக இல்ல, அந்த ரூம்ல படுத்திருக்கவுகளுக்குக் கேக்கட்டும்னுதான். எங்க வீட்டுக்காரவுகதான உங்களுக்குப் போன் பண்ணுனது? நாப்பத்தி ரெண்டு கேளுங்க, அவ அவசரத்துல இருக்கா, எறங்கிருவான்னு? வாயத் தொறக்காண்டாம். தலைய ஆட்டுனாப் போதும்.

ம்.

அவுகளுக்கு என்னைத் தெரியும் தம்பி. நாப்பத்தி ரெண்டுன்னு கேட்டா உங்கள மட்டுமில்ல, உங்க வம்சத்தையே வெரட்டிருவேன்னு தெரியும். போன மாசம் இலத்தூர்ல இருந்து ஒரு பார்ட்டி வந்துச்சு. அவனும் இப்படித்தான், நேரா அந்தப் பீரோகிட்டப் போனான், அடிமட்டத்துக்குக் கேட்டான். எனக்கு மண்டையில ஏறல. கோட்டிக்காரி, நல்லா ஏசி அனுப்பிட்டேன். இன்னைக்கு நீங்க பீரோவுல கைய வச்ச பெறவுதான் வெளங்குச்சு. முப்பது வருசம் போலீசுல இருந்த மூளைய, போயும் போயும் பொண்டாட்டிகிட்டத்தான் காட்டணுமா?

அவுகளுக்கு ஈரல் போச்சு. மாத்தணும். ஆவணி வரைக்கும் தள்ளாதியன்னு டாக்டர் சொல்லிட்டாரு. இவுக என்னடான்னா, வீட்ட வித்து நான் பொழைக்கணுமா, பெறவு நீ எங்கன போயி இருப்பன்னு கேக்காவ. கேக்க மூஞ்சியப் பாரு! நான் எங்கனயும் இருப்பேன். ஏசுததுக்கு எனக்கு ஆள் வேண்டாமா?

நெசத்தச் சொல்லுங்க. அவுக போன் பண்ணலன்னா நீங்களா எவ்வளவு கேட்டிருப்பிய?

நாப்பத்தொம்பதா? சரி. நாப்பத்தொம்பது.

இல்ல, பேரமெல்லாம் பேசல. சரின்னுட்டேன்லா? ஆடின்னு பாக்காதிய, வெள்ளிக்கிழம பத்திர ஆபீசுக்கு வந்துருங்க. எங்கையெழுத்து ஒண்ணு போதும். அது முடியுத வரைக்கும் அவுகளுக்குத் தெரியக்கூடாது. தெரிஞ்சா இன்னொரு தில்லுமுல்லு பண்ணுவாவ.

இப்ப எந்திரிங்க. மூஞ்சியக் கடுகடுன்னு வச்சுக்கிடுங்க. போகையில வாசக் கேட்ட ஓங்கி அடிச்சுச் சாத்துங்க, உள்ள வரைக்கும் கேக்கணும். நான் ஏசிக்கிட்டே பெறத்தால வருவேன், மனசுல வச்சுக்கிடாதிய. இன்னைக்காவது அவுக, ஜெயிச்சுட்டோம்னு நிம்மதியா ஒறங்கட்டும்.