மூன்று முறை செத்த ராஜா

ஆலங்குடியில், பெட்ரோல் கிடைக்காத யுத்தகாலத்துக் கரி பஸ் கிளம்பாமல் புகைந்துகொண்டிருந்தது. எனக்கு முன் சீட்டில் ஒரு நாடக வாத்தியாரும் அவருக்குப் பழக்கமான கடலை வியாபாரியும் இருந்தார்கள்.

“முந்தாநாள் மணமேல்குடியில எங்க ராஜா மூணு தடவ செத்தாருங்க,” என்றார் வாத்தியார்.

“அதென்னங்க மூணு தடவ?”

“சாகையில ஒரு பாட்டு இருக்கு. சனம் ஒன்ஸ்மோர் கேட்டா எந்திரிச்சுப் பாடி, மறுபடி சாகணும். இருவது வருசமா நாடகம் போடுறேன். ஒருத்தனும் ஒழுங்காச் செத்ததில்ல.”

“எந்திரிக்காதேன்னு சொல்ல வேண்டியதுதானே?”

“நேத்து கட்டுமாவடியில ராஜா வேசக்காரன்கிட்ட கண்டிசனாச் சொல்லிட்டேன். செத்தாச் செத்ததுதான், அசையக் கூடாதுன்னு. அவனும் கட்டையாக் கெடந்தான். சனமும் ஒன்ஸ்மோர் கேக்கல. பொம்பளைங்க கண்ணத் தொடச்சுக்கிட்டு இருந்தாங்க. அம்புட்டுக் கூட்டத்துல ஒரு சத்தமில்ல.”

“நீங்க ஆசப்பட்டது அதுதானேங்க?”

வாத்தியார் தலையை முன் கம்பியில் சாய்த்துக்கொண்டார். பின்னால் கண்டக்டர் கரி அடுப்பைக் கிளறும் சத்தம் கேட்டது.

“அதேதாங்க. ஆனா அந்த அமைதி பழக்கமில்லாம எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. படுதாவுக்குப் பின்னாடி நின்னு நானே கத்திப்புட்டேன், ஒன்ஸ்மோருன்னு.”