நவரை மீன் ஜாக்கெட்

"அந்த மீனை இப்ப வித்துடாதீங்கக்கா, நான் இன்னும் பாத்து முடிக்கல."

காரைக்கால் பேருந்து நிறுத்தத்தில் அன்னக்கூடையோடு உட்கார்ந்திருந்த கிளிஞ்சல்மேட்டு மீன்காரம்மாவிடம் இப்படிச் சொன்னவள் ஒரு தையற்காரப் பெண். இஞ்ச் டேப்பைக் கழுத்திலிருந்து எடுக்க மறந்து வந்திருந்தாள்.

"மீனை வாங்குவாங்க, கொழம்பு வைப்பாங்க. நீ உத்துப் பாத்து என்னாம்மா பண்ணப் போற?"

"ரோஸ் ஒடம்புல இந்த மஞ்சக் கோடு எப்புடி ஓடுது பாருங்க! நாளைக்கு ஒரு கல்யாணப் பொண்ணுக்கு ஜாக்கெட்டு குடுக்கணும். கைக்கு என்னா பார்டர் வைக்கிறதுன்னு தெரியாம மண்டைய ஒடச்சிக்கிட்டு இருந்தேன். இந்தா, கெடச்சிடுச்சு."

மீன்காரம்மா அந்த நவரையை எடுத்து வெயிலில் திருப்பித் திருப்பிக் காட்டினாள்.

"நல்லாப் பாத்துக்க. எனக்கும் ஒண்ணு தச்சுக் குடு. மீன் கலரு மட்டும் வேணாம், அதைத்தான் நாள் பூரா பாக்குறேன்."

"பின்ன என்னா கலருக்கா?"

"காலையில ஒரு கிளிப்பச்சை பஸ்ஸு வரும். கூடையப் பாத்தா நாத்தம்னு நிறுத்தாமப் போயிடுவான். ஆனா கலரு அவ்ளோ அழகும்மா! அந்தப் பச்சையில தச்சுக் குடு. அதைப் போட்டுக்கிட்டுத்தான் இனிமே அவனுக்குக் கை காட்டப் போறேன்."